எவாலுவேஷனுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் 2011-இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். 71 சதவீதம், முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டில் ஒரு அரியர் இருந்தது, அடுத்த செமஸ்டரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். பிறகு எட்டு ஆண்டுகள் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. திருமணமாகி எச்-4 விசாவில் டெக்சஸ் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பல வருடங்களாகக் காத்திருந்த கணவரின் வரிசை வந்து, ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. எனக்கு நர்சிங் படிக்க ஆசை. கணவர் டேட்டா அனலிட்டிக்ஸில் மாஸ்டர்ஸ் செய்யச் சொல்கிறார். மூன்று வருடப் பட்டம் இங்கே செல்லாது என்கிறார் ஒரு தோழி. எவாலுவேஷன் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். 71 சதவீதம் என்றால் இங்கே சி கிரேடாமே? மார்க்ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், கிரீன் கார்டில் கணவர் பெயர். எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்த வாரம் எவாலுவேஷனுக்கு (உங்கள் பட்டம் அமெரிக்காவில் எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கைக்கு) பணம் கட்டாதீர்கள். அது பின்னால் தேவைப்படலாம். ஆனால் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவாகும் முன் வாங்கும் அறிக்கை பெரும்பாலும் தப்பான அறிக்கையாகத்தான் அமைகிறது. உங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: மாஸ்டர்ஸுக்குக் கைகொடுக்கும் அதே அறிக்கை, நர்சிங்குக்கு அரசு உதவித்தொகை கேட்கும்போது எதிராக நிற்கும். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் உங்கள் தோழிகள் சொன்னது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று தீர்மானிக்கும் அரசு அலுவலகம் அமெரிக்காவில் கிடையாது. கல்வித்துறையும் அந்த வேலையைச் செய்வதில்லை. தனியார் மதிப்பீட்டு நிறுவனங்கள் கருத்து சொல்கின்றன, ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே பட்டத்துக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு பதில் தருவதைப் பார்க்கிறோம். அமெரிக்க இளங்கலை நான்கு ஆண்டு, சுமார் 120 கிரெடிட். நம் பி.எஸ்சி. மூன்று ஆண்டு என்பதால் சில நிறுவனங்கள் அதை ‘மூன்று ஆண்டு இளங்கலைப் படிப்பு’ என்று மட்டும் எழுதும். டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனமோ, இந்தியக் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பிடம் ஏ அல்லது அதற்கு மேல் தரம் பெற்ற நிறுவனத்தில் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ தேறியிருந்தால் மூன்று வருடப் பட்டத்தையும் அமெரிக்க இளங்கலைக்குச் சமமாகவே ஏற்கிறது. உங்கள் கல்லூரியின் நாக் தரம் என்ன என்று இன்றே பார்த்துவிடலாம், செலவில்லாத வேலை.

71 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தியாவில் தாள் திருத்தும் முறை வேறு என்பது மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரியும். பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 60-க்கு மேல் எடுத்த தாளை ஏ என்றே மாற்றுகிறார்கள். விண்ணப்பத்தில் ஜி.பி.ஏ. (நான்கு புள்ளி அளவில் சராசரி) கேட்கும் இடத்தில் நீங்களே 71-ஐ நான்கால் பெருக்கி நூறால் வகுத்து 2.84 என்று எழுதிவிடாதீர்கள். பலரும் இதைச் செய்து, மூன்று புள்ளி என்ற குறைந்தபட்சத்துக்குக் கீழே தங்களைத் தாங்களே தள்ளிக்கொள்கிறார்கள். ‘100-க்கு 71’ என்று மூல அளவிலேயே எழுதுங்கள். அந்தக் கட்டம் நான்குக்கு மேல் எண்ணை ஏற்காவிட்டால் காலியாக விட்டு, அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஒரு அரியரால் யாரும் உங்களை மறுக்கப் போவதில்லை. ஆனால் எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டையும் கேட்டால், தோற்ற தாள் இருக்கும் மார்க்ஷீட்டையும் சேர்த்தே கொடுங்கள். அதை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தால் மறைத்ததாக ஆகிவிடும். அரியரைக் காட்டிலும் அதுதான் ஆபத்து.

இனி உங்கள் இரண்டு வழிகளையும் பார்ப்போம்.

மாஸ்டர்ஸ் என்றால் இளங்கலைக்குச் சமம் என்ற தீர்ப்பு கட்டாயம் வேண்டும். நீங்கள் விரும்பும் மூன்று அல்லது நான்கு பல்கலைக்கழகங்களின் கிராஜுவேட் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை எழுதுங்கள்: ‘இந்தியாவின் மூன்று ஆண்டு பி.எஸ்சி. ஏற்கப்படுமா? மதிப்பீட்டை நீங்களே செய்வீர்களா, வெளியிலிருந்து வாங்கவேண்டுமா? வெளியிலிருந்து என்றால் எந்த நிறுவனம், எந்த வகை?’ சில பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிட்டுக்கொள்கின்றன, அங்கே வெளி அறிக்கைக்கு வேலையில்லை. சில, மதிப்பீட்டு நிறுவனங்களின் நேசஸ் சங்கத்தில் உறுப்பினராக உள்ள எந்த நிறுவனமும் போதும் என்கின்றன. சில, ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்கின்றன. பதில் மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள். அனலிட்டிக்ஸுக்கு வேதியியல் பட்டதாரியிடம் புள்ளியியலும் ஒரு புரோகிராமிங் பாடமும் எதிர்பார்ப்பார்கள், அது தனிச் செலவு.

நர்சிங் வேறு உலகம். அங்கே உங்கள் பழைய பட்டத்துக்கு இருக்கும் எடை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உடற்கூறியல் – உடலியல் இரண்டு பாகம், நுண்ணுயிரியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு, பெரும்பாலும் கடைசி ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பாட எண்கள் பொதுவானவை: பயாலஜி 2401, 2402 (உடற்கூறியல் – உடலியல்), சைக்காலஜி 2301, 2314, இங்கிலீஷ் 1301. ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் படிப்புள்ள உள்ளூர்க் கல்லூரியில்) படித்தால் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போகலாம். இடம் கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பாடங்களின் கிரேடை வைத்து. அதோடு ஹெசி அல்லது டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. எனவே 2011-இல் நீங்கள் வாங்கிய 71-ஐவிட, வரும் பருவத்தில் 2401-இல் வாங்கப்போகும் கிரேடுதான் உங்களுக்கு முக்கியம்.

இதில் மூன்று பாதைகள் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம், அதன்பின் என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுதி ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) ஆகி, வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) முடிப்பது ஒன்று. நேராக நான்கு ஆண்டு பி.எஸ்.என். இன்னொன்று. முன்பே பட்டம் பெற்றவர்களுக்கான 12 முதல் 18 மாதத் துரித பி.எஸ்.என். மூன்றாவது. துரிதப் படிப்புக்கு மட்டும் ‘இளங்கலைக்குச் சமம்’ என்ற அறிக்கை தேவைப்படும். பதிமூன்று ஆண்டு இடைவெளிக்கு மேல் ஆன பிறகு, அமெரிக்க வகுப்பறையில் ஒரு பாடம்கூடப் படிக்காமல் துரிதப் படிப்பில் குதிப்பதை நான் சொல்லமாட்டேன். பாதியில் விட்டால் பணமும் போகும், கிரேடும் கெடும். முதல் பாதை உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நான்கு ஆண்டு பி.எஸ்.என். பக்கம் போனால் உங்கள் பி.எஸ்சி.-யிலிருந்து எவ்வளவு கிரெடிட் கிடைக்கும் என்ற கேள்வி வரும். அறிக்கையில் தொண்ணூறு கிரெடிட் என்று இருக்கலாம், பல்கலைக்கழகம் அதில் எதை எந்தப் பாடத்துக்குப் பொருத்துகிறது என்பதில்தான் விஷயம். பகுதி ஒன்றில் படித்த தமிழை அயல்மொழிக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வதுண்டு. பகுதி இரண்டு ஆங்கிலத்தை இங்குள்ள கட்டுரைப் பாடத்துக்கு ஈடாக எடுப்பது அரிது. வேதியியல், துணைப்பாடக் கணிதம் இரண்டும் பெரும்பாலும் நிற்கும். அதற்குப் பாடத்திட்டம் வேண்டும்: நீங்கள் சேர்ந்த ஆண்டின் சிலபஸ், தாளின் குறியீட்டு எண், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆய்வகம் உண்டா என்ற விவரத்தோடு, ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரையோடு. இணையதளத்தில் இருப்பது இப்போதைய சிலபஸ், அது உதவாது. எந்த வெளிநாட்டுப் பட்டத்தாலும் நிரப்ப முடியாத இடம் ஒன்றும் உண்டு: டெக்சஸ் சட்டப்படி அரசுக் கல்லூரியில் இளங்கலை முடிப்பவர் அமெரிக்க வரலாற்றில் ஆறு, அரசியலமைப்பில் ஆறு கிரெடிட் படித்திருக்க வேண்டும். ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 என்பவை அவை. இவற்றைக் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்துவிடுவது சிக்கனம்.

இப்போது முன்பு சொன்ன எதிர்க் கணக்கு. கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் ஃபாஃப்சா படிவம் நிரப்பி மத்திய அரசின் கல்வி உதவி கேட்கலாம். எச்-4-இல் இருந்தபோது முடியாது. படிவத்தில் கிரீன் கார்டில் உள்ள ‘ஏ’ எண்ணைக் கேட்கும். ஒரு இலக்கம் தவறினாலும் குடியேற்றத் துறைப் பதிவோடு பொருந்தாமல் வாரக்கணக்கில் நின்றுவிடும். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட், முதல் இளங்கலைப் பட்டம் படிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் வாங்கிய இளங்கலையும் கணக்கில் வரும். ஆனால் அந்தப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்குச் சமமல்ல என்று எழுத்தில் ஆதாரம் கொடுத்தால், உங்களுக்குப் பட்டம் இல்லை என்று கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் முடிவு செய்ய விதி இடம் தருகிறது. ‘மூன்று ஆண்டு இளங்கலைப் படிப்பு’ என்று ஒரு நிறுவனம் எழுதும் வரி அங்கே ஆதாரமாகிறது, ‘இளங்கலைக்குச் சமம்’ என்ற வரி கதவைச் சாத்துகிறது. நீங்களோ முதல் வகுப்பு. டபிள்யூ.இ.எஸ். அறிக்கை முன்கூட்டியே கையில் இருந்தால் கல்லூரி அதைத்தான் பார்க்கும்.

இதைப் படித்துவிட்டுப் பட்டத்தையே மறைத்துவிடலாமா என்று நினைக்காதீர்கள். சிலர் அப்படி ஆலோசனை சொல்வார்கள். விண்ணப்பத்தில் முன்பு படித்த எல்லாக் கல்லூரிகளையும் கேட்கிறார்கள், மறைத்தது தெரிந்தால் படிப்பிலிருந்தே நீக்கலாம், வாங்கிய உதவித்தொகையையும் திரும்பக் கேட்பார்கள். கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு நேரில் போய், ‘எனக்கு இந்தியாவின் மூன்று வருடப் பட்டம் இருக்கிறது, இதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள், எந்த அறிக்கையை ஏற்பீர்கள்?’ என்று திறந்த மனதோடு கேளுங்கள். முடிவு அவர்கள் கையில். பெல் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது இளங்கலைக்கு மத்திய அரசின் கடன் உண்டு. மாஸ்டர்ஸுக்கு மானியமில்லாக் கடன் (படிக்கும்போதே வட்டி ஏறுவது) ஆண்டுக்கு 20,500 டாலர் வரை.

கட்டணத்தில் தப்பு நடக்கும் இடம் விண்ணப்பத்தின் முதல் பக்கம். வெளிநாட்டில் படித்தவர் என்பதால் ‘இன்டர்நேஷனல்’ என்ற கட்டத்தைத் தட்டிவிடுகிறார்கள். உடனே வங்கி இருப்பு, ஸ்பான்சர் கடிதம், ஐ-20 என்று கேள்விகள் வரிசையாக வரும். அவையெல்லாம் எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்கு. நீங்கள் ‘நிரந்தரக் குடியிருப்பாளர்’. டெக்சஸ் குடிவாசிக் கட்டணத்துக்கு, அந்தப் பருவத்தின் சென்சஸ் தேதிக்கு முன் தொடர்ந்து 12 மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். நீண்ட பருவங்களில் சென்சஸ் தேதி என்பது வகுப்புகள் தொடங்கிப் பன்னிரண்டாவது வேலைநாள். கிரீன் கார்டு வந்து ஐந்து மாதம்தானே என்று பயப்படவேண்டாம். டெக்சஸில் எச்-4-உம் குடிவாசி நிலையை நாட்டத் தகுதியுள்ள விசா வகைதான் என்பதால் அந்த மாதங்களும் சேரும். வேலையில்லாத மனைவிக்குச் சான்று கிடைப்பதுதான் சிரமம்: வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும் கணவர் பெயரிலேயே இருக்கும். திருமணச் சான்றிதழ், கணவரின் வேலைச் சான்று, உங்கள் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், சேர்த்துத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு இவற்றை எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஃபிரிஸ்கோக்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் காலின், டென்டன் என இரண்டு கவுண்டியில் விழுகிறது. காலின் காலேஜில் காலின் கவுண்டிவாசிக்கு ஒரு கட்டணம், பக்கத்துத் தெருவில் இருந்தாலும் டென்டன் கவுண்டிவாசிக்கு அதைவிட அதிகம். வீட்டு முகவரி எந்தக் கவுண்டி என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீடு மாற்றும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து ஆவணம் வரவழைப்பதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். எவாலுவேஷன் வேண்டாமென்றாலும் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா மதிப்பெண்ணும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியல்) எப்படியும் வேண்டும், அதனால் இதை மட்டும் இப்போதே தொடங்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மார்க்ஷீட் கொடுத்தது கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். இரண்டு வாசல் ஏறவேண்டும். யாரிடமிருந்து நேரடியாக வரவேண்டும் என்பதைப் பெறும் நிறுவனத்தின் இந்தியாவுக்கான பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டோடு நின்றுவிட்டு கான்வொகேஷன் சர்டிபிகேட் வாங்காமலே இருப்பவர்கள் நிறைய. நீங்களும் அப்படியென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், அதுதான் அதிகம் இழுக்கும். ஊரில் அண்ணனோ தம்பியோ போவதென்றால் உங்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல், எல்லா மார்க்ஷீட்டின் நகல், பட்டச் சான்றிதழ் நகல் அவர் கையில் இருக்கவேண்டும்.

டிரான்ஸ்கிரிப்டை முத்திரையிட்ட கவரில் வாங்க வேண்டும், அந்தக் கவர் விஷயத்தில் அவரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட கவர். உள்ளே டிரான்ஸ்கிரிப்ட், நிறுவனம் கொடுத்த படிவம் இருந்தால் அதுவும் நிரப்பி. ஒட்டிய மடிப்பின் மேல், பாதி மடிப்பிலும் பாதி கவரிலும் விழும்படி முத்திரையும் கையொப்பமும். வெளியே, பெறும் நிறுவனம் உங்களுக்குத் தரும் குறிப்பு எண் (அனுப்பும் முன் எழுதினால் போதும்). இந்த எண் இல்லாத கவர் போய்ச் சேர்ந்தும் யாருடையதென்று தெரியாமல் கிடக்கும். கவரை அண்ணன் கையில் கொடுத்தால், ‘சரியாக இருக்கிறதா’ என்று பார்க்கப் பிரித்துவிடக் கூடாது. பிரித்த கவர் வெறும் நகலுக்குச் சமம், மறுபடி முதலிலிருந்து. மூன்று கவர்கள் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது விண்ணப்பத்துக்கு இன்னொரு தடவை அலையவேண்டாம்.

பெயர் வித்தியாசத்துக்கு எல்லா விண்ணப்பத்திலும் கிரீன் கார்டில் உள்ளபடியே எழுதி, ‘முந்தைய பெயர்’ என்ற கட்டத்தில் மார்க்ஷீட்டில் உள்ள பெயரை இனிஷியலோடு எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். திருமணச் சான்றிதழில் உங்கள் அப்பா பெயரும் கணவர் பெயரும் இருந்தால் அதுவே இரண்டையும் இணைக்கும். இல்லையென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஒரு அபிடவிட் எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்ஷீட்டில் பெயரை மாற்றச் சொல்லிக் கல்லூரியைக் கேட்காதீர்கள், மாதக்கணக்கில் போகும், தேவையும் இல்லை.

ஆங்கிலத் தேர்வு விசாவைப் பொறுத்ததல்ல, முன்பு படித்த நாட்டைப் பொறுத்தது. மாஸ்டர்ஸுக்குக் கிரீன் கார்டு இருந்தும் டோஃபல் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். கேட்கலாம். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் கேட்ட பிறகு எழுதுங்கள். ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரியிடம் கடிதம் வாங்கி வைத்தால் சில இடங்களில் தேர்வே வேண்டாம் என்பார்கள். கவர் வாங்கப் போகும்போதே அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

நர்சிங் என்று முடிவானால் தடுப்பூசிக் கணக்கை இப்போதே தொடங்குங்கள். மருத்துவமனைப் பயிற்சிக்கு ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். வழக்கமான ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். சிறுவயதில் போட்ட அட்டை இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டலாம். காசநோய்ச் சோதனையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வதுண்டு: பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை பாசிட்டிவ் காட்டலாம், பிறகு எக்ஸ்ரே, விளக்கம் என்று நீளும். முதலிலேயே ரத்தச் சோதனையைக் கேளுங்கள், அதை பி.சி.ஜி. குழப்பாது.

விளம்பரம் பார்த்து எந்தக் கல்லூரியிலும் சேராதீர்கள். டெக்சஸில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் தருவது சாக்ஸ்காக் அமைப்பு. நர்சிங் என்றால் டெக்சஸ் நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும், அது இல்லாத படிப்பை முடித்தால் என்க்ளெக்ஸ் எழுதவே முடியாது.

கணவரோடு பேசும்போது இதையும் சொல்லுங்கள்: ஒரு பருவம், பயாலஜி 2401 மட்டும், கம்யூனிட்டி காலேஜில். கூட அமர்ந்து கட்டண விவரம் பாருங்கள், மாஸ்டர்ஸின் ஒரு பாடத்துக்கு ஆவதில் சிறு பகுதிதான். ஆய்வகத்தில் எட்டு ஆண்டு நின்றவர் நீங்கள், உடற்கூறியல் ஆய்வகத்தில் உங்களுக்கு நாட்டம் இருக்கிறதா என்று நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். அதற்குள் திருச்சிக் கவர்களும் வந்திருக்கும், பல்கலைக்கழகங்களின் பதில்களும் கையில் இருக்கும். எந்த அறிக்கை, யாரிடமிருந்து என்று அப்போது முடிவு செய்து பணம் கட்டுங்கள். வரும் பருவத்துக்குப் பதிவு தொடங்கியிருந்தால் 2401-இன் மாலை வகுப்புகள்தான் முதலில் நிரம்பும், இந்த வாரமே ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.